35 என்று எழுதியவருக்கு எந்த வழி?

52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் சில குழந்தைகள் 35 என்று எழுதுவார்கள். சரியான விடை 25. ஆனால் 35-க்கு வந்து சேர இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒரு குழந்தை எந்த இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைத்தான் கழிக்கும். ஒன்றுகளில் 7-லிருந்து 2 போக 5, பத்துகளில் 5-லிருந்து 2 போக 3. இன்னொரு குழந்தைக்குக் கடன் வாங்கத் தெரியும். 12-லிருந்து 7 போக 5 என்று ஒன்றுகளைச் சரியாக முடித்துவிட்டு, பத்துகளில் கடன் கொடுத்த 5-ஐ 4 ஆக்க மறந்துவிடும். அங்கேயும் 3. இரண்டு நோட்டிலும் 35, இரண்டிலும் ஒரே சிவப்புக் கோடு. முதல் குழந்தைக்குக் கடன் வாங்குதல் என்ற எண்ணமே இன்னும் பிடிபடவில்லை. இரண்டாவது குழந்தை ஒரே ஓர் அடியில்தான் வழுக்கியிருக்கிறது.

வகுப்பறையில் ஆசிரியர் அருகில் வந்து, "எப்படிப் போட்ட, சொல்லு" என்று கேட்டால் அரை நிமிடத்தில் வேறுபாடு தெரிந்துவிடும். இணையப் பாடத்தில் கேட்க ஆளில்லை. முன்கூட்டி எழுதிவைத்த வினாதான் அந்த வேலையைச் செய்தாக வேண்டும். விடையைப் பார்த்து, இவரை அடுத்து எங்கே அனுப்புவது என்று பாடம் முடிவெடுக்கும் அமைப்பையே கிளைவழி வினாக்கள் என்கிறோம். அதற்கு வேண்டிய தொழில்நுட்பம் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இலவசமாகக் கிடைக்கும் கூகுள் ஃபார்மிலேயே ஒரு விடைக்கு ஒரு பகுதி என்று வழி பிரிக்கலாம். கடினமான இடம் வேறு. கிளை பிரியும் முனையில் எந்த வினாவை நிறுத்துவது, அதற்கு வரக்கூடிய ஒவ்வொரு தவறான விடைக்கும் என்ன பொருள் என்பதுதான் அது. இதில் சறுக்கினால் மீதி எல்லாம் அலங்காரம்.

நானே ஒரு கழித்தல் பாடத்துக்கு வினா எழுதியபோது 52−27 போன்ற ஒரு கணக்கைத்தான் முனையில் வைத்தேன். 35-க்கு ஒரே வழி போட்டு, கடன் வாங்குதலை முதலிலிருந்து விளக்கும் திரைக்கு எல்லாரையும் அனுப்பினேன். பாதி தெரிந்த பிள்ளை அந்தத் திரையில் தெரிந்ததையே மறுபடி கேட்டுச் சலித்திருக்கும். ஓர் இலக்கத்தை மாற்றியிருந்தால் போதும். 52-லிருந்து 28-ஐக் கழிக்கச் சொன்னால் சரியான விடை 24. பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பவர் 36 என்பார். கடன் கொடுத்ததைக் குறைக்க மறந்தவர் 34 என்பார். "2-லிருந்து 8 போகாது, அதனால் 0" என்று நினைப்பவர் 30 என்பார். கூட்டிவிட்டவர் 80 என்பார். ஐந்து விடை, ஐந்து விதமான சிந்தனை, ஒன்றோடு ஒன்று மோதவில்லை. முந்தைய கணக்கில் மோதியதற்குக் காரணம், ஒன்றுகளின் இடத்தில் வேறுபாடு சரியாக 5 ஆக இருந்தது. அந்த வேறுபாடு 5 ஆகும் கணக்குகளில் எல்லாம் இந்த இரண்டு பிழைகளும் ஒரே விடையைத் தரும். பயிற்சிக்கு அந்தக் கணக்குகளைத் தாராளமாகக் கொடுக்கலாம். கிளை முனையில் மட்டும் வைக்கக் கூடாது.

இந்தச் சிந்தனைக்கு நீண்ட பின்னணி உண்டு. 1920-களில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிட்னி பிரெஸ்ஸி நான்கு விசைகள் கொண்ட ஒரு பொறியைச் செய்தார். ஒரு வினா, நான்கு விடைகள். சரியான விசையை அழுத்தினால்தான் அடுத்த வினா வரும் என்றும் அதை அமைத்துக்கொள்ளலாம். தவறு செய்தால் அங்கேயே நிற்க வேண்டும், ஏன் தவறு என்று பொறி சொல்லாது. இன்றைக்கும் எத்தனையோ இணையப் பாடங்கள் இந்த இடத்தைத் தாண்டவில்லை.

1953-ல் உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் நடக்க வேண்டியிருந்தது, போட்ட கணக்கு சரியா தவறா என்று உடனே தெரியவும் வழியில்லை. இது அவரை உறுத்தியது. அவர் கண்ட தீர்வு நேர்கோட்டுப் பாதை. பாடத்தை மிகச் சிறு படிகளாக வெட்டி, எவரும் அநேகமாகத் தவறு செய்யாதபடி அடுக்குவது. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை அவருக்குப் பிடிக்கவில்லை. நம்பும்படியான தவறான விடைகளைக் கற்பவர் கண்முன் வைப்பதே கேடு என்பது அவர் கருத்து. அதில் உண்மை இல்லாமல் இல்லை.

அவருக்கு நேர் எதிரே நின்றவர் நார்மன் க்ரௌடர். அமெரிக்க விமானப்படையில் மின்னணுக் கருவிகளின் பழுதைக் கண்டுபிடிக்கக் கற்றுத்தரும் பணியிலிருந்து வந்தவர். பழுது பார்ப்பவர் ஒவ்வோர் அளவீட்டையும் பார்த்துத்தான் அடுத்து எங்கே தொடுவது என்று முடிவு செய்வார். கற்பித்தலையும் க்ரௌடர் அப்படியே பார்த்தார். தவறு நடக்கட்டும், அந்தத் தவறுதான் அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று காட்டும் என்பது அவர் நிலை. 1950-களின் இறுதியில் 'டியூட்டர்டெக்ஸ்ட்' என்ற வரிசையில் அவருடைய முறைப்படி புத்தகங்கள் வெளிவந்தன. பக்கங்கள் வரிசையாகப் படிக்க அல்ல. ஒவ்வொரு விடைக்கும் எதிரே ஒரு பக்க எண் இருக்கும். தவறான விடையின் பக்கத்துக்குப் போனால், இப்படி நினைத்துத்தானே இங்கே வந்தீர்கள் என்று ஆசிரியர் பேசுவதுபோல விளக்கம் இருக்கும், பிறகு பழைய வினாவுக்கே திருப்பி அனுப்பும். கணினி இல்லாத கிளைவழிப் பாடம் அது. என்னைக் கேட்டால், கிளைவழி எழுதப் பழகுகிறவர்கள் மென்பொருளைத் திறக்கும் முன் இப்படிப் பத்துப் பக்கம் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

1960-ல் இலினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் தொடங்கிய பிளேட்டோ அமைப்பு இதைக் கணினிக்குக் கொண்டுவந்தது. அதற்காக உருவான 'டியூட்டர்' என்ற நிரல்மொழியில் சரியான விடைக்கு ஒரு கட்டளை, எதிர்பார்க்கும் தவறான விடைக்கு வேறொரு கட்டளை என்று தனித்தனியாக இருந்தன. பாடம் எழுதுகிறவர் தவறுகளை முன்கூட்டி யோசிப்பது மொழியின் அமைப்பிலேயே இடம்பெற்றது.

நான் மிகவும் மதிக்கும் பணி 1978-ல் வெளிவந்தது. ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் நிகரகுவா நாட்டில் வானொலி வழியே கணிதம் கற்ற குழந்தைகளின் கழித்தல் விடைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். கவனக்குறைவு என்று ஒதுக்கப்படும் தவறுகளில் பல உண்மையில் ஒழுங்கானவை, குழந்தை ஏதோ ஒரு விதியை விடாமல் பின்பற்றுகிறது, அந்த விதிதான் பிழையானது என்று காட்டினார்கள். அவர்கள் செய்த 'பக்கி' என்ற விளையாட்டு ஆசிரியப் பயிற்சி பெறுவோருக்கானது. கணினி ஒரு பிழை விதியைக் கொண்ட மாணவனாக நடிக்கும். ஆசிரியர் கணக்குக் கொடுத்துக் கொடுத்து அந்த விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். 52−27 கொடுத்தால் ஏன் போதாது, 52−28 ஏன் வேண்டும் என்பதை ஆசிரியர் தானே உணரும் பயிற்சி அது. நம் ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களில் இது கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

தவறான விடைக்கு மட்டும் கிளை போட்டால் போதாது என்பதற்குத் தசமங்கள் நல்ல சான்று. 0.6, 0.35 இரண்டில் எது பெரியது? 35 என்பது 6-ஐவிடப் பெரியது என்று நினைத்து 0.35 என்பவர்கள் உண்டு. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேஸியும் விக்கி ஸ்டெய்ன்லேயும் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்து, நேர்மாறான இன்னொரு கூட்டத்தையும் அடையாளம் கண்டார்கள். புள்ளிக்குப் பின் இலக்கங்கள் குறைவாக இருந்தால் எண் பெரியது என்று நம்புகிறவர்கள் இவர்கள். நூறில் பங்கு பத்தில் பங்கைவிடச் சிறியதுதானே, அதனால் நூறில் பங்குகள் கொண்ட எண்ணும் சிறியதாகத்தான் இருக்கும் என்ற வாதம் இதற்குள் இருக்கலாம். இவர்கள் முதல் வினாவுக்கு 0.6 என்று சரியாகவே சொல்வார்கள். பாடம் கைதட்டி அடுத்த படிக்கு அனுப்பிவிடும். 0.6, 0.73 என்று கேட்டால்தான் இவர்கள் 0.6 என்று சொல்லி அகப்படுவார்கள். அந்த வினாவில் முதல் கூட்டத்தார் சரியான விடை சொல்லித் தப்பிவிடுவார்கள். ஆக, ஒரே வகை வினாக்களை இருபது கொடுத்தாலும் ஒரு கூட்டம் முழு மதிப்பெண்ணோடு தவறான எண்ணத்தைச் சுமந்துகொண்டு போகும். கிளை முனையில் ஒற்றை வினா பெரும்பாலும் போதாது, ஒன்றை ஒன்று சோதிக்கும் இரண்டு வினாக்கள் வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொடுகிறவருக்கு ஒரு வினாவில் கால் பங்கு வாய்ப்பு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் அது பதினாறில் ஒன்றாகக் குறையும்.

வினாவில் வைக்கும் தவறான விடைகளை எங்கிருந்து எடுப்பது? மேசைமுன் உட்கார்ந்து கற்பனை செய்தால், வினா எழுதுபவருக்குத் தோன்றும் தவறுகள்தாம் வரும், கற்பவர் செய்யும் தவறுகள் வாரா. இயற்பியலில் விசை பற்றிய கருத்துகளைச் சோதிக்க 1992-ல் டேவிட் ஹெஸ்டனஸும் அவர் குழுவினரும் வெளியிட்ட வினாத்தொகுப்பு உலகெங்கும் புழங்குவதற்கு முக்கியக் காரணம், அதன் தவறான விடைகள் மாணவர்கள் உண்மையிலேயே கொண்டிருந்த எண்ணங்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதுதான். நாமும் திருத்திய நோட்டுகளை ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொண்டு உட்காரலாம். அல்லது முதலில் விடைத் தெரிவுகளே இல்லாமல் வெறும் பெட்டியில் விடை எழுதச் சொல்லி, வந்தவற்றை எண்ணிப் பார்த்து, அடிக்கடி வரும் மூன்றையோ நான்கையோ தெரிவுகளாக வைக்கலாம். ஸ்கின்னரின் அச்சத்துக்கும் இது பாதிப் பதில்: ஏற்கெனவே அவர்கள் மனத்தில் இருக்கும் தவறைத்தான் கண்முன் வைக்கிறோம், புதிதாக ஒன்றை நடவில்லை.

இனி வழிகளின் அமைப்பு. புதிதாகத் தொடங்குபவர் ஒவ்வொரு விடைக்கும் ஒரு தனிப்பாதையை எழுதப் போய் மூன்றாவது வினாவில் திணறுவார். பத்து வினா, ஒவ்வொன்றுக்கும் மூன்று விடை, எதுவும் திரும்பச் சேராது என்றால் கடைசியில் 59,049 பாதைகள். யாராலும் எழுத முடியாது. பிரிந்த கிளை ஒன்றிரண்டு திரைகளில் முதன்மைப் பாதையான தண்டுக்குத் திரும்பினால், பத்து வினாத் திரைகளும், வினாவுக்கு இரண்டு வீதம் இருபது விளக்கத் திரைகளுமாக முப்பதில் முடியும். ஊர் வாய்க்கால் வயலுக்குள் பிரிந்து மறுபடி வடிகாலில் சேர்வது போன்ற அமைப்பு. சேரும் இடத்தில் வேறு எண்களோடு அதே கருத்தைக் கேட்கும் வினா ஒன்று இருக்க வேண்டும். பழைய வினாவையே திரும்பக் காட்டினால், புரியாதவரும் சற்று முன் தவறான விடையை நீக்கிவிட்டு மற்றொன்றைத் தொடுவார்.

இணையப் பாடங்களை அமைக்க உதவும் மூடில் தளத்தில் 'லெசன்' என்ற வசதியில் ஒவ்வொரு விடைக்கும் பின்னூட்டம், மதிப்பெண், தாவ வேண்டிய பக்கம் மூன்றையும் தனித்தனியாகக் குறிக்கலாம். ஆனால் நாம் எதையும் மாற்றாவிட்டால் சரியான விடை அடுத்த பக்கத்துக்குப் போகும், தவறான விடை அதே பக்கத்தில் நிற்கும். அதாவது 1920-களின் பிரெஸ்ஸி பொறி. பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதே வசதியில் வினாக் கொத்து ஒன்றை வைத்து, இதுவரை பார்க்காத வினா ஒன்றைத் தரச் சொல்லும் வழியும் இருக்கிறது. கிளை தண்டோடு சேருமிடத்தில் வைக்க அதைவிடப் பொருத்தமானது இல்லை.

தேர்வுகளிலும் கிளைவழி இருக்கிறது, ஆனால் நோக்கம் வேறு. முதுநிலைப் படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வு 1990-களில் ஒவ்வொரு வினாவுக்கும் பிறகு கடினத்தை மாற்றியது. 2011-லிருந்து முதல் பகுதியில் செய்ததை வைத்து இரண்டாம் பகுதியை மாற்றுகிறது. எழுதுபவர் ஒரு பகுதிக்குள் முன்னும் பின்னும் போய் விடையைத் திருத்திக்கொள்ள இதனால் முடிகிறது. தேர்வு எவ்வளவு தெரியும் என்று அளக்கிறது, அதற்குக் கடினமானது எளியது என்ற ஒரே அச்சு போதும். பாடம் ஏன் தெரியவில்லை என்று கேட்க வேண்டும். தவறு செய்தவருக்கு எளிய வினா கொடுப்பது பாடத்தில் பல நேரம் வீண்வேலை. 36 என்று எழுதிய குழந்தைக்கு 58−22 கொடுத்தால் சரியாகப் போட்டுவிடும், பிழை விதி அப்படியே இருக்கும். "தகவமைப்புக் கற்றல்" என்று விற்கப்படும் பல பாடங்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கின்றன.

மருத்துவம், செவிலியம், வாடிக்கையாளர் சேவை போன்ற துறைகளில் கதைபோல விரியும் கிளைவழியும் உண்டு. நோயாளிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டு விளைவைக் காட்டுவது. அங்கே உடனே "தவறு" என்று சொன்னால் கதை செத்துவிடும். இரண்டு முடிவுகள் தள்ளி விளைவு தெரிந்தால்தான் மனத்தில் நிற்கும். அதற்கு வேறு இலக்கணம் வேண்டும், அதைத் தனியாகவே பேச வேண்டும்.

விடையைப் பார்த்து வழி பிரிப்பதெல்லாம் பலன் தருமா? குர்த் வேன்லென் 2011-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு இந்தக் கேள்விக்கு நல்ல விளக்கு. இறுதி விடையை மட்டும் பார்த்துச் செயல்படும் கணினிப் பாடங்களின் பலன் 0.31 திட்டவிலக்கம். ஒவ்வொரு படியையும் பார்க்கும் பாடங்களின் பலன் 0.76. மனித ஆசிரியர் தனியே சொல்லிக்கொடுப்பதன் பலன் 0.79. மனிதருக்கும் படிப்படியாகப் பார்க்கும் கணினிக்கும் வேறுபாடு சிறிது, விடையை மட்டும் பார்ப்பதற்கும் படியைப் பார்ப்பதற்கும் வேறுபாடு பெரிது. 35-இன் கதை இதுதான். "ஒன்றுகளின் இடத்தில் முதலில் என்ன செய்தீர்கள்?" என்று இடையில் ஒரு கேள்வி போட்டாலே கிளை எங்கே பிரிய வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

இந்தியச் சூழலில் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாண்ட்ரோ கனிமியன் மூவரும் டெல்லியில் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற கற்றல் மென்பொருளின் மையங்களை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்ட கட்டுரை முக்கியமானது. 619 மாணவர்கள், நான்கரை மாதம். கணிதத்தில் 0.37, இந்தியில் 0.23 திட்டவிலக்கம் கூடுதல் முன்னேற்றம். மென்பொருளோடு சிறு குழுவுக்குப் பாடம் சொல்லும் உதவியாளரும் அங்கே இருந்தார் என்பதை மறக்கக் கூடாது, முழுப் பலனையும் மென்பொருளின் கணக்கில் எழுத முடியாது. இருந்தாலும் கிளைவழி ஏன் தேவை என்பதை அந்தக் கட்டுரையின் இன்னொரு செய்தி சொல்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சராசரியாகக் கணிதத்தில் இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். ஒரே வகுப்பறையில் பல நிலைகள். ஒரே பாதையில் எல்லாரையும் நடத்தினால் பாதிப்பேர் வெறுமனே உட்கார்ந்திருப்பார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ரிஷிவேலிப் பள்ளியின் அட்டை முறையிலிருந்து வந்தது. பாடப் படிகளைக் காட்டும் கற்றல் ஏணியில் எந்தப் படியில் இருக்கிறோம் என்று குழந்தையே பார்த்து அட்டையை எடுத்துக்கொள்ளும். மதிப்பீட்டு அட்டையில் தடுமாறினால் குறைதீர் அட்டைக்குப் போகும், தேறினால் அடுத்த மைல்கல்லுக்குப் போகும். சுவரில் மாட்டிய ஏணி, தட்டில் அடுக்கிய அட்டைகள் என்று கையால் தொடக்கூடிய கிளைவழி அது. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். பெயர்களிலேயே ஒரு நல்ல எண்ணம் இருக்கிறது: அரும்பு மலராகிவிடும். ஆனால் எந்தக் கிளைவழி அமைப்புக்கும் இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. கீழ் நிலைக்குப் போன குழந்தை அங்கேயே தங்கிவிட்டால் அது குழந்தைக்குக் குத்தப்பட்ட முத்திரையாகிவிடும். அதனால்தான் ஒவ்வொரு கிளையும் எப்போது, எந்த வினா மூலம் தண்டுக்குத் திரும்பும் என்பதை முதலிலேயே எழுதிவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். திரும்பும் வழி இல்லாத கிளையை வெட்டிவிடலாம்.

திரையில் வரும் சொற்களும் அதே அளவு கவனம் கேட்கின்றன. 1996-ல் அவ்ரகாம் க்ளூகரும் ஆஞ்செலோ டெனிசியும் பின்னூட்டம் பற்றிய நூற்றுக்கணக்கான ஒப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் பின்னூட்டம் செயல்திறனைக் குறைத்திருந்தது. கவனம் வேலையிலிருந்து விலகித் தன்மீதே திரும்பும்போது கேடு கூடுகிறது என்பது அவர்கள் விளக்கம். "அடடா, தவறு! மீண்டும் முயலுங்கள்" என்பதில் வேலைபற்றி ஒரு சொல்கூட இல்லை. 34 என்று எழுதியவருக்கு, "ஒன்றுகளில் 4 என்பது சரி. அதற்காகப் பத்துகளிலிருந்து ஒன்றை எடுத்தீர்கள். இப்போது பத்துகளில் மீதி எத்தனை?" என்று கேட்கலாம். சரியாகச் செய்ததை முதலில் சொல்லி, வழுக்கிய அடிக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்துகிறது. இதை எழுதக் கால் மணி நேரம் ஆகும். இருபது கிளைக்கு ஐந்து மணி நேரம். இந்த நேரத்தைக் கொடுக்க மனமில்லாத நிறுவனம் கிளைவழிப் பாடம் செய்யாமல் ஒரு நல்ல காணொளியைப் போட்டுவிடலாம்.

இப்போது உரையாடும் செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே, முன்கூட்டி எதற்குக் கிளை எழுத வேண்டும் என்று கேட்கிறார்கள். துருக்கியின் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சுமார் ஆயிரம் மாணவர்களோடு நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. வெறும் சாட்ஜிபிடி போன்ற கருவியோடு கணக்குப் பயிற்சி செய்தவர்கள், கருவி இல்லாத தேர்வில் கருவியே இல்லாமல் பயிற்சி செய்தவர்களைவிட 17 சதவீதம் குறைவாகச் செய்தார்கள். ஆசிரியர்கள் எழுதிக்கொடுத்த வழக்கமான தவறுகளும் குறிப்புகளும் ஏற்றப்பட்ட இன்னொரு வடிவத்தில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. கருவி புதிதானாலும் வேலை பழையதே: எந்தத் தவறு ஏன் வருகிறது என்று தெரிந்த ஒருவர் அதை எழுதி வைத்திருக்க வேண்டும்.

பாடம் வெளியான பிறகும் எழுதியவருக்கு வேலை இருக்கிறது. ஒரு மாதம் கழித்துப் பாதைக் கணக்கைத் திறந்தால் யாருமே நடக்காத கிளைகள் தெரியும், அவை நம் கற்பனைத் தவறுகள், நீக்கிவிடலாம். விளக்கத் திரையைக் கடந்தும் அதே தவறைச் செய்பவர்கள் தெரிவார்கள், அங்கே மாற்ற வேண்டியது விளக்கத்தை. இரண்டு முறை வழுக்கியவரை மூன்றாம் முறையும் கணினியிடமே விடாமல் ஆசிரியரின் பட்டியலுக்கு அனுப்பிவிட வேண்டும். பிறகு, எந்தத் தெரிவிலும் சேராமல் 'வேறு விடை' பெட்டியில் வந்தவை இருக்கும். 52−28-க்கு 26 என்று யாராவது எழுதியிருக்கலாம். எண்ணும்போது விரல் தவறியதாக இருக்கலாம். அல்லது ஒன்றுகளில் 8-லிருந்து 2-ஐக் கழித்துவிட்டு, பத்துகளில் மட்டும் கடன் கொடுத்ததுபோல் ஒன்றைக் குறைத்திருக்கலாம். அப்படியானால் அந்தப் பிள்ளை கடன் வாங்கும் முறையின் சடங்கைக் கற்றுக்கொண்டு பொருளை விட்டுவிட்டது. அதற்கு நாம் இன்னும் திரை எழுதவில்லை. 26 இரண்டாவது முறை வந்தால் 63−37 போல இன்னொரு கணக்கைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அங்கே 24 வந்தால் ஆறாவது கிளை தேவைப்படுகிறது.